காரணம் எழுதாத ஊமைக்கோட்டான்

பேருந்தில் தன் மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டாள் அவள். இறங்கினால் மழை... எதிரே மங்கலாகத் தெரிந்த கண்ணாடிக் கடைக்குள் ஓடினாள்.

"லென்ஸ் நல்லாதான் இருக்கு. ஃப்ரேம்தான் போச்சு, மாத்திடலாம். என்ன கலர் வேணும்?" குரல் மட்டும் கேட்டது. ஆள் வெறும் மூட்டமாகத்தான் தெரிந்தான்.

"பச்சை."

கொஞ்ச நேரத்தில் அவனே குனிந்து மாட்டிவிட்டான். முதலில் தெளிந்தவை அவன் கண்கள்... சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள். அடடா, என்றது மனசு. அடுத்துத் தெரிந்தது, அவன் தோளுக்குப் பின்னால் இருந்த கணினித் திரை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது அவளுடைய பக்கம். முள்ளுக்காடு என்ற வீடியோ கேமுக்கு ரசிகர்களே சேர்ந்து எழுதும் விக்கியில், காளான்கள் பற்றிய பக்கம். மூச்சுவிட இடமில்லாமல் ஒரே பத்தியாகக் கிடந்ததைத் தலைப்பு போட்டுப் பிரித்து, அட்டவணை கட்டியவள் அவள்தான். அச்சகத்தில் பக்கம் அமைப்பது தொழில். வீட்டிலும் கை சும்மா இருக்காது. ஆனால் அவள் கட்டக் கட்ட ஒருவன் இடித்துக்கொண்டே இருந்தான். பெயர் ஊமைக்கோட்டான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத ஒரு பெட்டி உண்டு. அவள் அதில் நிரப்பித் தள்ளுவாள். அவன் காலியாக விட்டுப் பழைய பத்தியை மீட்டுவைப்பான். இன்னொரு முறை நடந்தால் இருவரையும் வெளியேற்றுவேன் என்று விக்கியின் நிர்வாகி நேற்றுத்தான் எச்சரித்திருந்தார்.

இதோ, திரையின் மூலையில் அதே பெயர்.

"நீங்கதானா அந்தக் கோட்டான்? நான்தான் சுண்டெலி."

அவன் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது. "சுண்டெலின்னா... ஏதோ ஸ்கூல் பையன்னு நினைச்சேன்."

"நான் ரிட்டயர்டு ஆன சிடுமூஞ்சின்னு நினைச்சேன். எதுக்கு அழிக்கிறீங்க? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

அவன் குனிந்து துணியை எடுத்தான். ஆத்திரத்தோடு திரும்பியவள், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். மூக்கின் மேல் ஃப்ரேம்... பழுத்த மிளகாய்ச் சிவப்பு.

"பச்சை கேட்டேன். வேணும்னே பண்றீங்களா?"

"பச்சைதானே அது?"

அந்த முகத்தில் துளி நடிப்பில்லை. அவளுக்கு உறைத்தது. அட்டவணையில் தின்னக்கூடிய காளானுக்குப் பச்சை, விஷக்காளானுக்குச் சிவப்பு என்று வண்ணம் போட்டவள் அவள். 'விஷம்', 'தின்னலாம்' என்ற சொற்கள் இடத்தை அடைக்கின்றன என்று தூக்கி எறிந்தவளும் அவளே.

"உங்களுக்கு... ரெண்டும் ஒரே மாதிரியா தெரியுது?"

அவன் தலையாட்டினான்.

"தங்கச்சிதான் ஃப்ரேம் எடுத்துத் தருவா. இன்னிக்கு அவ வரல." குரல் இறங்கியது. "உங்க அட்டவணையை நம்பிக் காளான் தின்னு, கேம்ல எத்தனையோ தடவை செத்திருக்கேன்."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அதைக் காரணமா எழுதியிருக்கலாம்ல?"

"பொண்ணு பார்க்கப் போன இடத்துல சொன்னேன். கலர் தெரியாதவன் கண்ணாடிக் கடையான்னு சிரிச்சாங்க. அப்புறம் யார்கிட்டயும் சொல்றதில்ல. அந்தப் பெட்டியில எழுதினா எல்லாரும் படிப்பாங்க. எழுதினதை அழிக்கவும் முடியாது."

அவள் போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அட்டவணை அப்படியே இருக்க, ஒவ்வொரு வண்ணத்துக்குள்ளும் சொல்லைத் திரும்ப எழுதினாள். விஷம். தின்னலாம். விஷம்.

"மன்னிச்சிடுங்க. அழகா இருக்கணும்னு பார்த்தேன். படிக்கிறவங்களைப் பார்க்கல."

அவன் பக்கத்தை ஒருமுறை படித்தான். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, காரணப் பெட்டியில் முதன்முதலாகத் தட்டினான்.

'எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் இந்த அட்டவணை இருக்கட்டும் சுண்டெலி எழுதும் காரணங்களைப் படிக்கும் ஆசையிலேயே சில நாள் மீட்டமைத்தேன் இப்போது அவரைப் பிடித்திருக்கிறது'

அவள் தடுப்பதற்குள் சேமித்துவிட்டான்.

"ஐயோ... எல்லாரும் படிப்பாங்களே."

"படிக்கட்டும்."

அவள் சிவப்பு ஃப்ரேமைச் சரிசெய்துகொண்டு, அந்த வரியை மறுபடி படித்தாள். கன்னம் சுட்டது.

"புள்ளி இல்ல, கமா இல்ல. மூச்சுவிடாம ஒரே பத்தி."

"முடிஞ்சா திருத்துவீங்களா?"

"இதை மட்டும் மாட்டேன்..." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கும் பிடிச்சிருக்கு."