வலிக்கும் இடத்தில் ஒரு குறி

மழைக்கு ஒதுங்கியவர்களால் பேருந்து நிறுத்தம் நிரம்பியிருந்தது. அவள் தலை குனிந்தே நின்றாள். புதியவர்களின் முகம் பார்க்கக் கூச்சம். அதனால் கால்களைப் பார்ப்பாள். செயற்கைக் கால் செய்யும் கூடத்தில் வேலை வேறு... பழக்கம் முற்றிவிட்டது.

நனைந்தபடி வந்த ஒருவனின் நடை அவள் கண்ணை இழுத்தது. இடது கால் தரையைத் தொட்டதும் தயங்கி எழுந்துவிடுகிறது.

“இடது கால் கடிக்குதுங்களா?” வாய் முந்திக்கொண்டது.

அவன் திரும்பினான். மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றின் கீழே கோபமான, ரொம்ப அழகான கண்கள்.

“ஏங்க, முன்னப்பின்ன தெரியாதவங்களை இப்படித்தான் விசாரிப்பீங்களா?”

“இல்ல... என் வேலை வந்து...”

“என் காலை நான் பாத்துக்கறேன்.”

வந்த முதல் பேருந்தில் ஏறிவிட்டாள். அது அவள் வீட்டுப் பக்கமே போகாது என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த வாரம் அவன் தன் அக்காவோடு கூடத்துக்கு வந்தான். அவளைக் கண்டதும் வாசலிலேயே நின்றான்.

“வேற டெக்னீஷியன் இல்லையா?”

“இருக்கார். லீவு.”

“என் நேரம்!”

“சும்மா இருடா,” என்ற அக்கா அவளிடம் திரும்பினாள். “பெயின்டர்மா இவன். சாரத்துலேருந்து விழுந்து கால் போயிடுச்சு. ஆனா தங்கமான தம்பி. ஒரு நாளும் வலிக்குதுன்னு சொன்னதில்ல.”

கோளாறே அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. அச்சு எடுக்கும்முன், வலிக்கும் இடங்களில் மைப் பென்சிலால் குறி போடுவார்கள். ஈரப் பிளாஸ்டரில் அது பதியும். அங்கே அழுத்தாதபடி, மீதிக் கால் நுழையும் கிண்ணத்தைச் செதுக்குவார்கள். வலியை மறைத்தவனுக்குக் குறி ஏது?

அவன் செயற்கைக் காலையும் உள்ளுறையையும் கழற்றினாள். தோல் கன்றிச் சிவந்திருந்தது. அக்காவை டீ வாங்க அனுப்பினாள்.

“இப்ப சொல்லுங்க.”

அவன் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “ஆஸ்பத்திரியில ஒரு தடவை சொன்னேன். அக்கா சாப்பிடாம கிடந்தா. அப்புறம் வாயே திறக்கல.”

“இங்க திறக்கலாம். நான் நல்லாவே சாப்பிடுவேன்.”

அவன் சிரித்துவிட்டான். பிறகு மெல்ல, “இங்க...” என்று தொட்டுக் காட்டினான்.

உடல் பலம் உள்ளவர்கள்தான் சீக்கிரம் நடப்பார்கள் என்று அவளும் ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். அப்படியில்லை. விழுந்ததும் தன்னைப் பார்த்தே சிரிக்கத் தெரிந்தவர்கள் நடக்கிறார்கள். ‘கொஞ்சம் பிடிச்சுக்கோ’ என்று கேட்கக் கூசாதவர்கள் நடக்கிறார்கள். அவனிடம் பிடிவாதம் ஏராளம். கேட்கத்தான் தெரியவில்லை. அதையும் கற்றுக்கொண்டான். புதுக் காலோடு விழுந்தால், “தரைக்கு முதல் கோட் பிரைமர் அடிச்சேன்” என்பான். வலித்தால் நிறுத்தச் சொன்னான். பயிற்சி ஏணியில் ஏறிய அன்று மேலிருந்து அவளைத்தான் தேடினான். அவளும் நிமிர்ந்துதான் இருந்தாள்...

“பேசாம எங்க வீட்டுக்கே வந்துடேன்மா,” என்று அக்கா கேலி செய்தாள்.

அவன் முகம் கறுத்தது. “பாவம் பாத்து செய்யறவங்களைப் போய்... நீ சும்மா இரு, அக்கா.”

அதோடு அவன் வரவில்லை. கால் கடித்தாலும் வரமாட்டான். மறுபடி மறைக்க ஆரம்பித்தால் இத்தனை நாள் நடந்ததெல்லாம் வீண். அவளுக்கு வேலை ஓடவில்லை. அக்காவிடம் அவன் வேலை செய்யும் இடத்தின் முகவரி கேட்டுக் கிளம்பினாள்.

ஆளில்லாத புது வீடு. அவன் தரையில் உட்கார்ந்து சுவரின் அடிப்பாகத்துக்கு மட்டும் வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். ஏணி மூலையில் சாய்ந்திருந்தது.

“வலிக்குதா?”

“இல்ல.” சுவரையே பார்த்தான். பிறகு தூரிகை நின்றது. “ஆமா. ரொம்ப.”

“ஏன் வரல?”

“உங்களுக்கு இது வேலை. எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேப்பீங்க. எனக்கு அப்படி இல்ல... வீட்டுக்குப் போனாலும் உங்க குரல்தான். பாவம்னு பாக்கறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. தாங்கிப்பேன்.”

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“பாவப்படறதுக்கு தினம் எத்தனையோ பேர் வர்றாங்க. அவங்க யாருக்காகவும் நான் காலையில ரெண்டு தடவை தலை வாரிக்கல.”

தூரிகையிலிருந்து வண்ணம் அவன் மடியில் சொட்டியது. அவன் கவனிக்கவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“முடியாதுங்க... ஒரு தடவை சொல்லத்தான் பஸ்ஸுல வர்றப்ப தைரியம் சேர்த்துட்டு வந்தேன்.”