ஏழாம் கூடத்தின் குளிர்காலம்

ஏழாம் கூடத்தில் சருகுண்ணிகளை நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி, காலைச் சாப்பாடு முடிவதற்குள் குடியிருப்பு முழுவதும் பரவிவிட்டது.

செவ்வாயின் செந்தரைக் குடியிருப்பில் இருபத்திரண்டு ஆண்டுகளாக யாரும் பழுத்த இலையைப் பார்த்ததில்லை. முந்நூற்றறுபது பேருக்கும் மூச்சுக்காற்று தருவது ஒன்பது பசுங்கூடங்கள்தான். ஓர் இலை மஞ்சளித்தால் போதும், உள்ளங்கை அளவுள்ள சருகுண்ணி இயந்திரம் ஊர்ந்து வந்து செடியையே அரைத்து உரமாக்கிவிடும். மறுநாள் அங்கே புதுக் கன்று நிற்கும்.

சிக்கல் விதையில் வந்தது. இங்கே விளைந்த வெண்டை விதை நூறை வேளாண் பொறியாளர் சண்பகவல்லி ஊன்றினால் பதினெட்டுதான் முளைத்தது. பூமியிலிருந்து வந்த விதை தீர்ந்துகொண்டிருந்தது. அடுத்த கப்பலுக்கு இன்னும் ஆறு ஆண்டுகள். ஒரு மாதம் செடிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து கவனித்த பிறகு அவளுக்குக் காரணம் பிடிபட்டது. விதை முற்ற வேண்டுமானால் செடி காய வேண்டும். இங்கே எந்தச் செடிக்கும் காய அவகாசமே கிடைக்கவில்லை.

"ஏழாம் கூடத்தை மட்டும் எனக்குக் குடுங்க அண்ணாச்சி. தண்ணிய நிறுத்திக் காய விடுதேன். அப்புறம் நாப்பது நாள் குளிர்ல கெடக்கட்டும். சில விதை குளிரு பட்டாத்தான் முழிக்கும்" என்றாள்.

காற்றுப் பொறுப்பாளர் அடைக்கலம் தலையிலடித்துக்கொண்டார். "அந்தக் கூடம் நாப்பது பேரோட மூச்சு, தாயி! சேமிப்புத் தொட்டிக் காத்த எடுத்துத்தான் அவங்களுக்குக் குடுக்கணும். அது ஆபத்துக்கு வச்சிருக்கது."

"விதையில்லாமப் போறதும் ஆபத்துதானே?"

குடியிருப்பின் மன்றம் நூறு நாள் கொடுத்தது.

குளிரை உண்டாக்க எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. சூடேற்றியை அணைத்தார்கள்; வெளியே செவ்வாய் காத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் செடிகள் பழுத்து, கறுத்து, வெளிறின. அந்த வழியாகப் போனவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'சாவுக்கூடம்' என்று பெயர் வைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் சண்பகவல்லியின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. முளைக்காவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கும் பயம்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூறாம் நாள், குளிர் முடிந்து கூடம் மெல்லச் சூடேறத் தொடங்கியபோது, புழுதிப்புயல் வந்தது. வெளிச்சம் பாதியானது, மற்ற எட்டுக் கூடங்களிலும் காற்று உற்பத்தி சரிந்தது. அடைக்கலம் வேகமாக ஏழாம் கூடத்துக்கு வந்தார்.

"போதும்மா. இன்னைக்கே எல்லாத்தையும் அரைச்சுட்டுக் கன்னு நடணும்."

"இன்னும் பத்து நாள் அண்ணாச்சி. மிச்ச நெத்தும் தானா வெடிக்கணும். இப்பப் பறிச்சா வெளங்காது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார்.

புழுதியில் வடிகட்டி வந்த மங்கிய ஒளி காய்ந்த தண்டுகளின் ஊடே சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. வெண்டை நெற்றுகள் ஐந்தைந்தாகப் பிளந்து நின்றன. உட்பக்கம் வெள்ளிபோல் மினுங்கியது. கொத்தமல்லிக் குடைகளின் கம்பிகள் மயிரிழையாய் நின்றன. எள்ளுக்காய்கள் நுனியில் வாய் திறந்திருந்தன. பச்சையாக இருந்தபோது எல்லாம் ஒரே பச்சை. இப்போதோ வைக்கோல் நிறம், புகையிலை நிறம், எலும்பு நிறம், துருவின் நிறம் என்று ஒவ்வொன்றும் வேறாக இருந்தது. காற்றோட்டக் குழாய் மூச்சுவிட்டபோது கிலுகிலுப்பைச் செடிகள் ஒன்றாகக் குலுங்கின. அவர் ஓர் உளுந்து நெற்றைத் தொட்டார். அது படக்கென்று முறுக்கிக்கொண்டு வெடித்தது. கறுப்பு விதைகள் அவர் சட்டையில் தெறித்தன.

தெறித்த விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"செத்துப் போச்சுன்னுல்லா நெனைச்சேன்" என்றார் கடைசியில்.

அன்று மாலை ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது: "பத்து நாளைக்கு யாரும் ஓடக் கூடாது. உடற்பயிற்சி வேண்டாம், சண்டை வேண்டாம், உரக்கப் பாட வேண்டாம். மெதுவா நடங்க. மூச்சு மிச்சமாகும். ஏழாம் கூடம் அப்படியே இருக்கட்டும்."

வேலை குறைந்தது, விளையாட்டு நின்றது. மெதுவாக நடந்தவர்கள் வேறு போக்கிடமில்லாமல் ஏழாம் கூடத்துக்கு வந்தார்கள். முதல் நாள் எட்டிப் பார்த்தவர்கள், மறுநாள் வீட்டாரையும் கூட்டி வந்தார்கள். வாய் திறவாமல் உட்கார்ந்து, நெற்று வெடிக்கும் ஒலிக்குக் காது கொடுத்தார்கள். சண்பகவல்லி விதை பொறுக்கினாள். கேட்காமலேயே பத்துப் பேர் குனிந்து கூடவே பொறுக்கினார்கள். ஒன்பதாம் நாள் புயல் அடங்கியது.

நூறு வெண்டை விதை ஊன்றியதில் தொண்ணூற்று மூன்று முளைத்தது. மண்ணைக் கீறி வந்த முதல் முளையைக் கண்டு சண்பகவல்லி அழுதாள்.

அடுத்த ஆண்டு மன்றத்தில் ஒன்பது கூடத்தாரும் எழுந்து நின்று குளிர்காலம் கேட்டார்கள்.

"எல்லாக் கூடமும் காஞ்சா எதை வச்சு மூச்சு விடுவீங்க?" என்று அடைக்கலம் கத்தினார். யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சீட்டுக் குலுக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் கூடம் காயலாம் என்று வந்தது. மற்ற எட்டும் பச்சையாகவே இருக்க வேண்டும். மூன்றாம் கூடத்தார் கைதட்டிக் குதித்தார்கள். மற்றவர்கள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, ஐந்தாம் கூடத்து நெசவுக்காரி செல்லக்கிளி அடைக்கலத்தின் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணாச்சி, எங்க கூடத்துல ஒரு மூலை... ஒரே ஒரு வெண்டைச் செடி. அதை மட்டுமாவது சருகுண்ணி கண்ணுல படாமக் காய விடக் கூடாதா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் சன்னலோரம் ரெண்டு செடி காய வச்சிருக்கேன். ஒருத்தர்ட்டயும் சொல்லிராத."