கிருஷ்ணசாமி துண்டை ஆட்டினார்

கிருஷ்ணசாமி ஏரிக்கரைப் பக்கம் வாயைத் திறந்தால் பனைமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிடும். அன்று காலையும் பறந்தன.

"அருள்தாஸ்! மதக மூடுடா! நாத்தெல்லாம் மெதக்குது!"

காக்கைகளுக்குக் கேட்டது. பக்கத்து ஊரில் மாடு மேய்த்தவருக்கும் கேட்டது. மதகின்மேல் உட்கார்ந்திருந்த அருள்தாஸுக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடி, காதில் கோழி இறகை விட்டுச் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அருள்தாஸ்தான் அந்த ஊர் நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறந்து, அவரவர் முறைப்படி வயல்களுக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை. வயல் நிரம்பியதும் வயல்காரர் அங்கிருந்தே "போதும், மூடு!" என்று குரல் கொடுப்பார். இவர் மூடுவார். அவருடைய தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் நடந்து வந்தது.

கிருஷ்ணசாமி சேறு சொட்டச் சொட்டக் கரையேறி வந்தார்.

"காது கேக்காத ஆள வெச்சிக்கினு இன்னா பண்றது? ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம் கீது. வேற ஆளப் போடச் சொல்லப் போறேன்!"

அருள்தாஸுக்கு இதுவும் பாதிதான் கேட்டது. பக்கத்தில் நின்ற அவருடைய பத்து வயது மகள் மேரிக்கு முழுவதும் கேட்டது. வேலை போனால் நைனா என்ன செய்வார்? அவருக்கு அந்த மதகைத் தவிர வேறொன்றும் தெரியாது.

"நைனா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்று அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்.

"எனக்கு இன்னா? நல்லாத்தான கீறேன்."

"நீ நல்லாத்தான் கீற. ஒன் காதுதான் நல்லா இல்ல."

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். இடது காதில் மெல்ல இடுக்கியை விட்டார். அழுக்குக் கட்டியோடு ஒட்டிக்கொண்டு அரை இறகு வெளியே வந்தது.

"என்னப்பா இது? உள்ளே கோழி அடை வெச்சிருக்கியா?"

அருள்தாஸ் வெட்கத்தோடு சிரித்தார். மேரி எதையும் மறைக்கவில்லை. "எறகு கெடைக்கலன்னா அம்மாவோட கொண்டை ஊசி, டாக்டரம்மா. அப்புறம் நெருப்புக்குச்சி. போன வருசம் சீழ் வந்தப்போ எண்ணெய காய்ச்சி ஊத்திக்கினாரு."

"பெட்டிச் சாவி ஒண்ணுதான் பாக்கியா?"

"அதையும் வுட்டுப் பாத்துட்டாரு."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "வலது காது சவ்வு ஓட்டையாயிடுச்சும்மா. இனிமே காதுக்குள்ளே எதையும் விடக்கூடாது. எண்ணெயும் ஊத்தக்கூடாது. குளிக்கும்போது தண்ணி போகாம பாத்துக்கணும். மறுபடி சீழ் வந்தா உடனே இங்கே வரணும். கிட்ட நின்னு முகத்தைப் பாத்துப் பேசினா கேக்கும். தூரத்துல இருந்து கூப்பிட்டா கேக்கிறது கஷ்டம்."

தூரத்திலிருந்து கூப்பிடுவதைக் கேட்பதுதானே நைனாவின் வேலை! மேரிக்கு அழுகை வந்தது. ஏரிக்கரை வழியாக நைனாவோடு திரும்பி நடந்தாள்.

"அங்க பாரு மேரி," என்றார் அருள்தாஸ். "அக்கரையில மூணு நாரை. நடுவால கீறது மீனப் புடிச்சிடுச்சு."

மேரி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டாள். நைனாவுக்கு இவ்வளவு நல்ல கண் இருக்கும்போது எதற்கு அழ வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் நைனாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"கத்தாதீங்கய்யா. தோள் துண்ட எடுத்து ஆட்டுங்க. நைனா பாத்துட்டு மூடிடுவாரு."

"கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு," என்றார் வேதகிரி என்ற விவசாயி. "ஒரு தபா ஆட்டித்தான் பாப்போமே."

எல்லோரும் சம்மதித்தார்கள், கிருஷ்ணசாமியைத் தவிர. அவரைக் கண்டால் அருள்தாஸ் போன்றவர்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அவருடைய துண்டோ யாருக்காகவும் தோளை விட்டு இறங்கியதில்லை. மேரிக்கு இந்த வழக்கம் ஒருநாளும் பிடித்ததில்லை.

"எனக்கு வாய் கீது," என்றார் கிருஷ்ணசாமி. "இன்னொரு தபா என் நாத்து மெதந்துச்சுன்னா, அதோட அவன் வேலை போச்சு!"

செவ்வாய்க்கிழமை அவர் வயலின் முறை வந்தது. மேரி நைனாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு கரைமேல் வந்துகொண்டிருந்தாள். கிருஷ்ணசாமி கத்துவது கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஆறு தடவை. காக்கைகள் பறந்து, திரும்பி வந்து, மறுபடியும் பறந்தன. நாற்றின் நுனி மட்டுந்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

கிருஷ்ணசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, துண்டை மெல்ல எடுத்து ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கரைமேல் காஞ்சிபுரம் பஸ் வந்தது. வயலிலிருந்து யாராவது துண்டை ஆட்டினால் பஸ் நிற்பது வழக்கம். நின்றது. அதுவும் எங்கே? சரியாக மதகுக்கும் வயலுக்கும் நடுவில்!

"ஓடியாங்க ஐயா, நேரமாவுது!" என்று கூப்பிட்டார் கண்டக்டர் சேட்டு.

"போய்யா! நான் தண்ணிக்கு ஆட்டிக்கினு கீறேன்!"

"தண்ணி காஞ்சிபுரத்துல குடிச்சிக்கலாம், ஏறுங்க!"

கிருஷ்ணசாமி இன்னும் வேகமாக ஆட்டினார். பஸ் இன்னும் பொறுமையாக நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் அருள்தாஸ் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தார்.

மேரி கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

"அண்ணே, வண்டிய முன்னால நவுத்துங்க! நைனாவுக்கு வயல் தெரியல! நாத்து முழுகுது!"

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நகர்த்தினார். அடுத்த நொடி அருள்தாஸ் மதகுக் கட்டையைப் பிடித்துத் தொங்கி அழுத்தினார். தண்ணீர் நின்றது. நாற்று பிழைத்தது.

கிருஷ்ணசாமி கரையேறி வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் தலையை வெளியே நீட்டியிருந்தார்கள். கட்டையைப் பிடித்திருந்த அருள்தாஸின் துண்டு தோளிலேயே கிடந்தது. கிருஷ்ணசாமியின் துண்டு கையில் இருந்தது. மேரி இரண்டையும் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"அருள்தாஸ்!" என்று பழக்க தோஷத்தில் கத்தினார் கிருஷ்ணசாமி.

அருள்தாஸ் இடது காதைப் பொத்திக்கொண்டார்.

"கிட்டக்க நின்னுக்கினு ஏன்யா கத்தறீங்க? மெதுவாச் சொன்னாலே கேக்குது."

பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது. கிருஷ்ணசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னவோ சொன்னார். அவர் பேசியது பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் கேட்காமல் போனது அன்றுதான் முதல் தடவை.

நைனாவுக்கும் மேரிக்கும் மட்டும் கேட்டது.

"மதக நீயே பாத்துக்கோ."