படத்தில் உள்ளபடி

கம்மல் – 2, காது – 2 என்று இருந்தது.

தாட்சாயிணி கண்ணாடியைக் கழற்றி நைட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. அடுத்த வரியில் மூக்குத்தி – 1, மூக்கு – 1. அதற்கும் கீழே வளையல் – 6, கை – 1. இருநூற்றுப் பன்னிரண்டு நகைப் படங்களையும் ஒரே மூச்சில் ஆன்லைன் கடையில் ஏற்றிவிட்டு, எல்லாவற்றுக்கும் பச்சை டிக் விழுந்து, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் இது கண்ணில் படுகிறது. தப்பு அவளுடையதுதான். ஒவ்வொரு நகைக்கும் ‘பெட்டியில் இருப்பவை’ என்று ஒரு கட்டம் உண்டு, அதை நாமே நிரப்ப வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை உட்கார்ந்து யார் தட்டுவது? பக்கத்திலேயே ‘படத்தைப் பார்த்து நிரப்பு’ என்று ஒரு பொத்தான் இருந்தது, அமுக்கினாள். கடைசியில் ‘படத்தில் உள்ளபடியே அனுப்புவேன் என்று உறுதி சொல்கிறேன்’ என்று ஒரு வரி வந்தது, அதையும் அமுக்கினாள். இதையெல்லாம் படித்துப் பார்த்தா அமுக்குகிறார்கள் ஊரில்?

“ஏய் ரேஷ்மா, இங்க வாடி. உன் காத வித்துட்டேன்.”

தங்கை ஈரத் தலையில் சுற்றிய துண்டோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “ஐய, மூக்குமா? எனக்கு சளி வேற புடிச்சிகினு கீது. சளியோட சேத்து வாங்கிக்கச் சொல்லு.” இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அண்ணனூரில் மின்ரயில் ஷெட் சுவரை ஒட்டிய தெருவில், அக்காவும் தங்கையும் மட்டும் இருந்த வீடு அது. அம்மா போனபோது ரேஷ்மாவுக்கு மூன்று வயது. தலை வாரிவிட்டு, பேன் பார்த்து, காது குத்தும்போது உட்கார ஒரு தாய்மாமன் மடி இல்லாமல் தன் மடியிலேயே உட்காரவைத்துக் குத்தி வளர்த்தவள் தாட்சாயிணி. அவளுக்கென்று உலகத்தில் இருந்தது இந்த ஒருத்திதான். கவரிங் நகையைத் துணியில் பரப்பிப் படம் எடுத்துப் போட்டால் ஒரு ஈ காக்கை சீந்துவதில்லை என்பதால், இந்தத் தடவை ரேஷ்மாவுக்கே எல்லாவற்றையும் மாட்டி, முகம் தெரியாமல் கிட்டப்போய், காது காதாக, விரல் விரலாக எடுத்திருந்தாள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு மெட்டிகூட மாட்டிவிட்டாள். வியாபாரம் என்று வந்தபின் சாஸ்திரம் பார்த்தால் முடியுமா?

சிரித்து முடித்துத் திருத்தப் போனபோது கட்டம் பூட்டிக்கொண்டது. ஆர்டர் நிலுவையில் உள்ளபோது எந்தப் பொருளையும் மாற்ற இயலாது. அதற்குள் ஒரு ஆர்டர் வந்திருந்தது. கம்மல். வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளி. பூந்தமல்லி ரோட்டில் ஏதோ குடோன் விலாசம்.

சாயங்காலத்துக்குள் பத்து ஆர்டர். கம்மல், மூக்குத்தி, நெற்றிச்சுட்டி, அட்டிகை, வங்கி, வளையல், மோதிரம், ஒட்டியாணம், கொலுசு, மெட்டி. பத்தும் அதே புள்ளிக்கு. எதுவும் இரண்டாவது தடவை இல்லை, எந்த இடமும் விட்டுப்போகவில்லை. “யாரோ கல்யாண செட்டு எடுக்குறாங்க, இதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற” என்றாள் ரேஷ்மா. இருக்கலாம். தாட்சாயிணி நகைகளை மட்டும் பஞ்சில் சுற்றி அட்டைப்பெட்டிகளில் வைத்து, பழுப்பு டேப்பைச் சர்ரென்று இழுத்து ஒட்டி, எப்போதும் வரும் கூரியர்காரன் ரிச்சர்டிடம் கொடுத்தனுப்பினாள். மனசு மட்டும் ஒரு நிலையில் இல்லை.

மறுநாள் காலையில் ரிச்சர்ட் வேறு ஏதோ பார்சலுக்கு வந்தவன், வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

“இன்னாக்கா பார்ட்டி அது? பெல்ல அடிச்சா கதவத் தொறக்கல. கதவுக்கு அடில சந்து கீது பாரு, ரெண்டு வெரல் உசரம், அத்து வழியா பெட்டிய உள்ள இஸ்துகினாங்க. பத்தையும். பெட்டி எப்டிக்கா அந்தச் சந்துல பூரும்? நான் வண்டிய எடுத்துகினு ஓடியாந்துட்டேன்.”

“கைய பாத்தியா?”

ரிச்சர்ட் வண்டியைக் கிளப்பினான். “இனிமே அந்தப் பார்ட்டிக்கு ஏங்கைல குடுக்காதக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் முதல் புகார் வந்தது. ஒரே ஒரு நட்சத்திரம், அதன் கீழே: கம்மல் வந்தது. காது வரவில்லை.

அடுத்தது: மூக்குத்தி வந்தது. மூக்கு வரவில்லை. அப்புறம் நெற்றி, கழுத்து என்று வரிசையாகப் பத்தும், ஒரு நிமிடத்துக்கு ஒன்றாக. எவனோ பொழுதுபோகாத பொறுக்கி என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனாலும் நட்சத்திரம் போனால் பிழைப்பு போகுமே என்று பணிவாகவே எழுதினாள். தவறாக நிரம்பிவிட்டது, மன்னிக்கவும், பெட்டியில் நகை மட்டும்தான். பதில் உடனே வந்தது, அவள் கடைசி எழுத்தைத் தட்டக் காத்திருந்ததுபோல.

படத்தில் இருக்கிறது. இடது காது மடலுக்குப் பின்னால் ஒரு மச்சம் உண்டு. அதோடு வேண்டும். ஏமாற்றாதே.

அவள் இருநூற்றுப் பன்னிரண்டு படத்தையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். காதுக்குப் பின்புறம் எந்தப் படத்திலும் இல்லை. அந்த மச்சம் தலை வாரிவிட்ட அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. ரேஷ்மாவுக்கே தெரியாது.

படங்களை அழித்தாள். பக்கத்தைத் திறந்து மூடினால் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன. கடையையே மூடப் பார்த்தாள். அனுப்ப வேண்டியது பாக்கி உள்ளதால் மூட இயலாது. உதவி எண்ணுக்கு அடித்தாள். தேன் தடவின குரலில் ஒரு பெண் பேசினாள்.

“மேடம், படத்துல இருக்கிறது உங்ககிட்ட இருக்கா, இல்லையா?”

“இருக்கு. ஆனா அது என் தங்கச்சிங்க!”

“இருக்குன்னா அனுப்பிடலாமே மேடம். நீங்கதானே உறுதி குடுத்திருக்கீங்க.”

“என்னங்க பேசுறீங்க? ஒரு மனுஷியோட காத அறுத்து அனுப்பச் சொல்றீங்களா?”

“நீங்க சிரமப்பட வேண்டாம் மேடம். விட்டுப்போனதை மட்டும் நாங்களே வந்து எடுத்துக்கறோம். சனிக்கிழமை, மத்தியானம் மூணு மணி. வீட்ல இருங்க.” அதே இனிப்போடு மேலும் சொன்னாள்: “அவங்களையும் எங்கேயும் அனுப்பாதீங்க.”

சனிக்கிழமை காலையிலிருந்தே வெயில் கொளுத்தியது. போலீசுக்குப் போய் என்னவென்று சொல்வது? மாங்காட்டுக்குப் போய் அம்மனைப் பார்த்துவிட்டு ராத்திரி வரலாம், கிளம்பு என்று எட்டு மணியிலிருந்து தங்கையைப் பிடித்து இழுத்தாள். ரேஷ்மாவுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. “எவனோ கலாய்க்கிறான், அதுக்கு நீ பைத்தியம் புடிச்சி ஆடுற. ஒன்னாலதான் எல்லாம். என்ன கேக்காம என் காத எழுதிப் போட்டது யாரு? விடு என்ன!” என்று கையை உதறிக்கொண்டு உள்ளறைக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தாட்சாயிணிக்கு அழுகை வந்தது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

ரிச்சர்டுக்குப் போன் போட்டுக் கேட்டாள். “இன்னிக்கு ஒங்க தெருவே என் லிஸ்ட்ல இல்லக்கா. வேற யாருக்கோ போட்டுக்கீறாங்க. யாருன்னு கேட்டா மேனேஜர் கத்துறாரு” என்றவன், “நீ கதவத் தொறக்காத” என்று சொல்லி வைத்துவிட்டான்.

இரண்டரைக்கெல்லாம் வாசல் கதவு, பின்கதவு, ஜன்னல்கள் எல்லாவற்றையும் தாளிட்டு, வாசல் கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் பழைய போர்வையைத் திணித்து அடைத்து, உள்ளறை வாசலில் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மூடிய வீட்டுக்குள் வெக்கையும் அட்டைப்பெட்டி வாசனையும் டேப் பசையின் புளித்த வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையை அடைத்தன, ஃபேன் காற்றில் காலண்டர் தாள் சுவரில் தட்டித் தட்டி விழுந்தது, ஷெட்டுக்குள் போகும் ரயில் ஒன்று நீளமாக ஊளையிட்டு இரும்பு தேய்ந்து நின்றது, அதன் பிறகு தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை.

மூன்று மணி ஆனது. கதவை யாரும் தட்டவில்லை.

மூன்று ஐந்து. மூன்று பத்து. அடப்பாவிகளா, இப்படிப் பயமுறுத்தி வைத்தீர்களே என்று அவள் மூச்சை விட்டாள். வேர்த்த முகத்தைத் துடைத்தாள்.

அப்போது சர்ரென்று டேப் இழுக்கும் சத்தம் கேட்டது.

கூடத்திலிருந்து இல்லை. சமையலறையிலிருந்தும் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால்.

போன் மணியடித்தது. காது – 2. எடுத்தாயிற்று.

“ரேஷ்மா.”

பதில் இல்லை. கோபத்தில் இருக்கிறாள். காய்ச்சல் மயக்கம். தூங்குகிறாள். தாட்சாயிணி நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் தாளிட்டபடி இருந்தது. தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், முடி கன்னத்தில் கிடந்தது.

“ரேஷ்மா! எழுந்திருடி!”

தோளைத் தொட்டுப் புரட்டினாள். ரேஷ்மா கண் விழித்தாள். அக்காவின் வாயையே பார்த்தாள்.

“இன்னாக்கா? ஏன் வாய மட்டும் அசைக்கிற? சத்தமா பேசேன்.”

தாட்சாயிணி அந்த முடியை ஒதுக்கினாள். ரத்தம் இல்லை. காயம் இல்லை. கன்னத்தின் தோல் அப்படியே வழவழவென்று பின்னந்தலைவரை போயிருந்தது. அங்கே காது என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை.

சர்ர்.

அவள் பாய்ந்து தங்கையின் மூக்கை உள்ளங்கையால் பொத்தினாள். கைக்குள் மூச்சு சூடாகப் பட்டது. பட்டது. நின்றது. கைக்குள் தட்டையாக ஏதோ இருந்தது. போன் மணியடித்தது.

“விடுங்கடா! என்ன எடுத்துக்கோங்கடா! என் காது கீது, என் மூக்கு கீது, என்ன எடுத்துக்கோங்க!”

படத்தில் இருப்பது அவள் இல்லையே. யார் கேட்பார்கள்? தங்கை மேல் குப்புற விழுந்து முழு உடம்பாலும் மூடிக்கொண்டாள். நெற்றியைத் தன் தாடையால் அழுத்தினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எதைப் பிடிப்பது? இரண்டு கைதானே இருக்கிறது. ரேஷ்மா பயத்தில் அக்காவின் முதுகை இறுக்கிக் கட்டிக்கொண்டு அலறினாள்.

சர்ர். மணி.

சர்ர். மணி.

முதுகில் அழுந்தியிருந்த விரல்கள் இல்லை. அடியில் உதைத்துக்கொண்டிருந்த கால்கள் இல்லை. அணைத்திருந்த இடுப்பு இல்லாமல் அவள் மெத்தையில் போய் விழுந்தாள்.

மணி பத்தாவது தடவை அடித்து ஓய்ந்தது. நன்றி, அனைத்தும் பெறப்பட்டன.

அவர்கள் கேட்டதை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கண்ணுக்கும் வாய்க்கும் நகை கிடையாது. தலையணையில் கிடந்த அந்த இரண்டு கண்களும் தாட்சாயிணியையே பார்த்தன. கீழே இருந்த வாய், “அக்கா, அக்கா” என்று கத்திக்கொண்டே இருந்தது.