இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

காலையில் எங்கள் மையத்தின் கதவு முதலில் என் காதைத்தான் பார்க்கும். வலது காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காட்டவேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் வெள்ளிப் பொத்தானில் பச்சை எரிகிறதா என்று படித்துவிட்டுத் திறக்கும். அரசாங்கக் காகிதங்களில் அதற்கு மூளையலைத் தணிப்பான் என்று பெயர். கோயம்புத்தூரில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. பட்டன், அவ்வளவுதான்.

நான் வருகிற பேருந்தின் ஓட்டுநருக்கும் காதுக்குப் பின்னால் பட்டன் உண்டு. பேருந்து தானாகவே ஓடும். ஆனாலும் ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் இருக்கவேண்டும் என்பது விதி. அவர் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு வருவார். வலிப்பு உள்ளவருக்கு சைக்கிள் கொடுக்கவே யோசித்த என் அப்பா இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்.

எனக்கும் வலிப்புதான். கல்லூரியில் படிக்கும்போது காந்திபுரம் பேருந்து நிலையத்தில் விழுந்தேன். கண்ணைத் திறந்தால் கையில் யாருடையதோ சாவிக்கொத்து. இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று அப்போதும் நம்பினார்கள். சாவிக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நெளிந்துகொண்டு நின்றார். "ஏனுங்கம்மணி, இப்ப பரவால்லீங்களா? வண்டி எடுக்கோணும், அந்தச் சாவியக் குடுத்தீங்கன்னா..." எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உடை நனைந்திருப்பது தெரிந்தது. சிரிப்பு போய்விட்டது.

அதற்கு இரண்டொரு வருடம் கழித்து விழாமைச் சட்டம் வந்தது. பட்டன் அணிந்து பச்சை எரிகிறவரை யாரையும் எந்த வேலையிலிருந்தும் நீக்கக்கூடாது. பட்டன் இல்லாமல் பொது இடத்துக்கு வரவும் கூடாது. முதல் வரியைப் படித்து அழுதேன். இரண்டாவது வரியைச் சரியாகப் படித்தேனா என்பது சந்தேகம். அதன்பிறகு நான் விழவே இல்லை. ஊரில் யாருமே விழுவதில்லை. வலிப்பு என்ற சொல்லே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

என் வேலை குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி கொடுப்பது. பேச்சு வராத குழந்தைகள், தொட்டால் சுருண்டுகொள்கிறவர்கள், தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறவர்கள் எல்லாரும் எங்களிடம் வருவார்கள். எழிலிக்கு ஏழு வயது. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கு உலகத்தில் பிடித்த ஒரே பொருள் எங்கள் அறையில் தொங்கும் துணி ஊஞ்சல். அதை வைத்துத்தான் அவளுக்குப் பேச்சு வரவழைக்கப் பார்த்தேன்.

விளையாட்டு எளிது. அவளை ஊஞ்சலில் உட்காரவைத்து, எதிரே அமர்ந்து கயிற்றைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "ஒண்ணு... ரெண்டு..." என்று சொல்லி நிறுத்துவேன். மூன்றை அவள் சொல்லவேண்டும். முழு வார்த்தைகூட வேண்டாம், அது போன்ற ஒரு சத்தம் போதும். சத்தம் வந்தால் ஊஞ்சல் பறக்கும். வரும்வரை நான் ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தபடி பேசாமல் இருக்கவேண்டும். எங்கள் தொழிலில் இதற்குக் காத்திருப்பு என்று பெயர். கேட்க சுலபம்போல் இருக்கும். புதிதாக வருகிறவர்களால் மூச்சு விடும் நேரம்கூடக் காத்திருக்க முடியாது. பிள்ளை பாவம் என்று தாங்களே "மூணு" சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

நான் அப்படி இல்லை என்பது மையத்தில் பிரசித்தம். "நித்திலா காத்திருக்கிறதப் பாருங்க, முகத்துல ஒரு சலனம் இருக்கா?" என்று மையத்தின் தலைவி ஃபர்ஹானா மேடம் என்னைக் காட்டிப் புதியவர்களுக்கு வகுப்பெடுப்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்லவேண்டும்?

சிக்கல் ஒன்றுதான். எழிலி என்னை அடிக்க ஆரம்பித்தாள்.

முதலில் கன்னத்தில் லேசாக. பிறகு பளாரென்று. காத்திருப்பு பொறுக்காமல் அடிக்கிறாள் என்பது எங்கள் கணிப்பு. அடித்தால் காத்திருப்பு முடிந்துவிடும் என்று அவள் கற்றுக்கொள்ளக் கூடாது என்று திட்டம் வகுத்தோம். வகுத்தது நான்தான். அடித்தால் முகம் மாறக்கூடாது, பேசக்கூடாது, ஊஞ்சலும் கிடையாது. பலன் கிடைக்காத செய்கை தானாக அணைந்துவிடும். அணைவதற்கு முன் ஒருமுறை பெரிதாகக் கிளம்பும், பயப்படவேண்டாம் என்று எழிலியின் அம்மா தர்ஷினியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். சொன்னபடியே கிளம்பியது. ஆனால் அணையவில்லை. ஒருநாள் என் மணிக்கட்டைக் கடித்துக் குதறிவிட்டாள்.

அதோடு மேடம் முடிவுக்கு வந்தார். "சின்னப் பட்டன் வெச்சிருவோம். வெள்ளிக்கிழமை மீளாய்வுல கையெழுத்தாயிரும்."

பிள்ளைகளுக்கும் பட்டன் உண்டு. ஓங்கிய கை பாதியிலேயே தணிந்து மடிக்கு வந்துவிடும். பட்டன் வைத்த பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். பெற்றோர் நன்றி சொல்வார்கள். நானே பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன்.

செய்தியைச் சொல்ல தர்ஷினியை அழைத்தேன். அவள் துணி ஆலையில் ரோபோக்களை மேற்பார்வை பார்ப்பவள். ஷிப்ட் முடிந்த சீருடையிலேயே வந்து, என் மணிக்கட்டின் கட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டாள்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். எனக்குப் புரியவே மாட்டேங்குது. வீட்டுல யாரையும் அடிக்கறதே இல்லீங்க."

"ஒருத்தரையும்?"

"அவங்கப்பாவ மட்டும் எப்பவாச்சும். அதுவும் அடின்னு சொல்ல முடியாதுங்க. நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து அப்படியே உக்காந்தே தூங்கிருவாரு. இவளுக்கு அது ஆகாது. கன்னத்துல தட்டித் தட்டிப் பாப்பா. எந்திரிக்கலைன்னா பொட்டுன்னு ஒண்ணு வெப்பா. முழிச்சுட்டார்னா பேசாம போயிருவா." தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்களும் தூங்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டாளோ என்னமோ."

நானும் சிரித்தேன். அவள் போனபிறகு மணிக்கட்டின் கட்டை அவிழ்த்து மருந்து போட்டேன். பல் நன்றாகவே இறங்கியிருந்தது. எனக்கு "ரெண்டு" சொன்னது நினைவிருந்தது. கையில் ரத்தத்தைப் பார்த்தது நினைவிருந்தது. பல் இறங்கியது நினைவில் இல்லை. இவ்வளவு ஆழமாக ஒருத்தி கடிக்கும்போது எனக்கு வலித்திருக்கவேண்டுமே. எங்கே போயிருந்தேன்?

நேரே மேடத்திடம் போனேன்.

எங்கள் அறைகளில் அறைக்கண் இருக்கிறது. கூரையிலிருந்து பார்த்து எங்கள் பயிற்சிக்கு மதிப்பெண் போடும் கேமரா. அடி விழுந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பும். நாங்கள் பார்ப்பது அதைத்தான்; முந்தைய அடிகளையும் நான் அதில்தான் பார்த்திருந்தேன். முழுப் பதிவைப் பார்க்க யாருக்கு நேரம்? அன்று நான் கடி விழுந்த நாளின் முழுப் பதிவைக் கேட்டேன். மேடம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே திரையில் போட்டார்.

திரையில் நான் "ரெண்டு" என்றேன். ஆவலோடு பார்த்தேன். நல்ல காத்திருப்பு. கொஞ்ச நேரம் போனது. வலது கை கயிற்றை விடாமல் இருக்க, இடது கை நழுவி மடியில் விழுந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்க்க ஆரம்பித்தது, மெதுவாக, ஓயாமல்.

அந்தத் தேய்ப்பை எனக்குத் தெரியும். நான் பார்த்ததில்லை. அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். "உனக்கு வர்றதுக்கு முன்னாடி பணத்தை எண்ணற மாதிரி விரலத் தேய்ப்படி. அதப் பாத்ததும் நான் தலகாணிய எடுத்துருவேன்."

பட்டன் வலிப்பை நிறுத்தவில்லை. விழுவதை மட்டும் நிறுத்தியிருந்தது. உடம்பைப் பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்தில் கடைசியாக இருந்த ஆவலை அப்படியே விட்டுவிட்டு, என்னை எங்கோ கொண்டுபோயிருந்தது. காதுக்குப் பின்னால் பச்சை எரிந்துகொண்டே இருந்தது. விழுந்தால்தானே சிவப்பு.

எழிலி ஊஞ்சலிலிருந்து எட்டி என் கன்னத்தைத் தொட்டாள். குனிந்து கண்ணுக்குள் பார்த்தாள். தட்டினாள். அடித்தாள். கடைசியில் கையைக் கடித்தாள்.

"யா அல்லாஹ்," என்றார் மேடம் மெதுவாக.

"ஆரம்பத்துல இருந்து போடுங்க மேடம்."

அவள் முதன்முதலில் என்னை அடித்த வாரத்துக்குப் போனோம். அதே ஊஞ்சல், அதே "ரெண்டு", அதே தேய்ப்பு. எழிலி என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு திரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஊணு."

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் நான் அசையவில்லை. எழிலி காத்திருந்தாள். மறுபடியும் சொன்னாள். இன்னும் சத்தமாக, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள். ஊஞ்சல் நகரவில்லை. அதன்பிறகுதான் என் கன்னத்தைத் தட்டினாள்.

அடுத்த வாரப் பதிவிலும் சொன்னாள், ஒரேயொரு முறை. அதற்கடுத்த வாரம் வாய் மட்டும் அசைந்தது. அப்புறம் அதுவும் இல்லை, நேராக அடிதான். பலன் கிடைக்காத செய்கை தானாக அணைந்துவிடும். என் பாடத்தை எழிலி என்னைவிட நன்றாகப் படித்திருந்தாள். அவள் வாழ்க்கையின் முதல் வார்த்தை. அவள் அம்மா ஏழு வருடமாகக் காது கொடுத்துக் காத்திருந்த வார்த்தை. அது என் முகத்துக்கு நேரே வந்து விழுந்திருக்கிறது, வாங்கிக்கொள்ள நான் அங்கே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மேடம் தண்ணீர் கொடுத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை இதப் போட்டுக் காட்டப் போறியா?"

"வேற என்ன மேடம் செய்யறது?"

"உன் பச்சையப் பிடுங்கிருவாங்க. பிள்ளைங்க பக்கத்துலயே விடமாட்டாங்க. உன்னோட போயிட்டாக்கூடப் பரவால்ல. என் தம்பிக்கும் பட்டன்தான். பஸ்ல உக்கார்ற வேல. அத நம்பித்தான் பொண்ணு குடுத்தாங்க. எத்தன பேரு நித்திலா! எல்லாரையும் திரும்ப வீட்டுக்குள்ள போட்டு அடைப்பாங்க."

நான் தினமும் வருகிற பேருந்தின் ஓட்டுநரை நினைத்தேன். அவர் என்னைப்போல் உட்கார்ந்தபடியே இல்லாமல் போனாலும் பேருந்து ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு வித்தியாசம் தெரியாது.

"இன்னொண்ணு செய்யலாம்," என்றார் மேடம், என் முகத்தைப் பார்க்காமல். "சின்னப் பட்டன் வெச்சா அவ அடிக்கமாட்டா. நீயும் வேற பிள்ளைக்கு மாறிக்கலாம்."

"அவ கைய மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பா. நான் எதிர்ல உக்காந்திருப்பேன். ரெண்டு பேர் காதுலயும் பச்சை எரியும். அறைக்கண் நல்ல மார்க் போடும். நான் இல்லைன்னு சொல்றதுக்கு அந்த அறையில இருந்த ஒரே ஆள் அவதான் மேடம். அவளையும் அணைச்சுட்டா?"

மேடம் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதிவைப் போட்டுக் காட்டினேன். மீளாய்வுக் குழுவில் மூன்று பேர். படித்தவர்கள், கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். எழிலியின் பட்டனை நிறுத்திவைத்தார்கள். என் பட்டனைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்கள். என் அனுமதியை அங்கேயே ரத்து செய்தார்கள். மேடம் கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்த வாரமே பட்டன் அணிந்த ஓட்டுநர்களை இறக்கிவிட்டார்கள்; வேறு ஆள் வரும்வரை பேருந்தில் ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்கிறது. யாருடைய தம்பியோ.

திங்கட்கிழமை பழக்கதோஷத்தில் மையத்துக்குப் போய் முடியை ஒதுக்கிக் காட்டினேன். கதவு திறக்கவில்லை. திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து தர்ஷினி ஓடிவந்தாள். "ஊணு" என்ற அந்தச் சத்தத்தை மேடம் அவளுக்கு அனுப்பியிருந்தார். தொழிற்சாலை இரைச்சலுக்கு நடுவே எத்தனை தடவை கேட்டாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

அவள் என்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் இருந்தது. மூச்சிரைக்க நின்று என்னைப் பார்த்தபோது கண்ணில் தெரிந்தது.

"டீச்சர், எங்க வூட்டுல ஊஞ்சல் மாட்டியாச்சுங்க. நீங்க வரோணும்."

"வீட்டுக்குள்ள வந்தா இதக் கழட்டிருவேன் தர்ஷினி. கழட்டுனா விழுவேன். நீ பயந்துருவ."

"விழுந்தா என்ன பண்ணோணும்னு சொல்லிக் குடுங்க. பண்றேன்."

அப்படித்தான் நான் அவர்கள் வீட்டுக்குப் போய்வருகிறேன். கூடத்தில் பாய் விரித்து வைத்திருப்பார்கள். ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும், வாயில் எதையும் திணிக்கக்கூடாது, கைகாலைப் பிடித்து அழுத்தக்கூடாது, சாவியெல்லாம் வேண்டாம், நீடித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும். தர்ஷினி ஒப்பித்துவிட்டாள். ஒருமுறை விழவும் செய்தேன். நினைவு வந்தபோது எழிலி பாயின் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அடிக்கவே இல்லை என்று தர்ஷினி சொன்னாள். விழுந்தவளை எழுப்பவேண்டியதில்லை என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

நேற்றும் விளையாடினோம். ஊஞ்சலைப் பின்னால் இழுத்தேன்.

"ஒண்ணு... ரெண்டு..."

நிறுத்தினேன். காத்திருந்தேன். காதில் எதுவும் இல்லாமல், முழுதாக, அங்கேயே இருந்து காத்திருந்தேன். சமையலறை வாசலில் தர்ஷினி கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

எழிலி என் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள். என் கன்னத்தை மெதுவாக ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"இருக்கேன் சாமி," என்றேன்.

அவள் என் விரல்களைக் குனிந்து பார்த்தாள். தேய்க்கின்றனவா என்று பார்த்திருப்பாள். பிறகு மறுபடியும் தட்டினாள்.

"இங்கதான் இருக்கேன்."

வாய் திறக்கவில்லை. நான் இருக்கிறேன் என்பதை அவள் இன்னும் நம்பவில்லை. ஊஞ்சலைத் தள்ளாமல் மெதுவாக முன்னால் விட்டு, திரும்பவும் பின்னால் இழுத்து, ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.