களவு போன நாற்பத்தாறு நிமிஷம்

காலை 9.10. களவு போனது நேரம். நேற்று சாயங்காலம் வரை நாலே நிமிஷத்தில் முடிந்த கம்பைல், அதாவது எழுதிய நிரலை மென்பொருளாக மாற்றும் வேலை, இன்று ஐம்பது நிமிஷம் இழுத்தது.

9.20. மேனேஜர் அலுவலகம் முழுக்க ஒரு மெயில் தட்டிவிட்டார். டீமிலேயே இளையவளான சின்னவள் கொண்டுவந்த கேஷ் என்ற சேமிப்புதான் காரணமாம். பதினொரு மணிக்கு அதைப் பிடுங்கிவிடுவார்களாம், அவளையும் டீமை விட்டு அனுப்பிவிடுவார்களாம். அவளை ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. மூன்று மாதம் கண் எரிய உட்கார்ந்து செய்தவளுக்கு இதுதான் மரியாதை!

அந்தக் கேஷ் செய்வது எளிய வேலை. ஒரு கோப்பைக் கம்பைல் செய்ததும் விடையை எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்றால், வைத்திருந்ததையே நீட்டிவிடும்.

9.40. டெஸ்டர் சின்னவளிடம் வந்தாள். எந்தப் பிழையையும் தோண்டி எடுக்காமல் விடமாட்டாள், அதனால் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி.

"நீ கேஷைத் தொட்டியா?"

"இல்லக்கா."

"வேற யாராவது?"

"பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

மேனேஜருக்கு அது போதும், பழி போட.

10.05. கேஷ் காலியாகவில்லை, ஒரே நாளில் வீங்கிப் போயிருந்தது. பூதக்கண்ணாடி ஒரு கோப்பை, எதையும் தொடாமல், இரண்டு முறை கம்பைல் செய்தாள். இரண்டு முறையும் கேஷ் அதைப் புதுக் கோப்பு என்றே நினைத்தது.

10.20. நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு மூன்றே மாற்றங்கள். ஒரு படம், ஓர் எழுத்துப்பிழை, மேனேஜர் செய்த 'சின்ன அழகு வேலை'. அவர் செய்தது என்பதால் ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடி பார்த்தாள். பிறகு இரண்டு பேர் கணினியில் மென்பொருளைத் திறக்கச் சொன்னாள். முதல் திரையின் மூலையில் ஒன்றில் 9.58.32, மற்றதில் 10.11.07.

11.00. மீட்டிங் அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமுவதற்குள் பூதக்கண்ணாடி முந்திக்கொண்டாள்.

"மூலையில இந்த மணியைப் போட்டது யாரு சார்?"

"நான்தான். எப்ப கம்பைல் ஆச்சுன்னு தெரியணும்ல?"

"எந்தக் கோப்புல போட்டீங்க?"

"பொதுக் கோப்புல. ஒரே ஒரு வரி."

"அந்தப் பொதுக் கோப்பை நாலாயிரம் கோப்பும் உள்ள இழுத்துக்குது சார். ஒவ்வொரு கம்பைலுக்கும் நொடி மாறும். நொடி மாறினா நாலாயிரமும் கேஷுக்குப் புதுசு. அது ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு. நேரத்தைத் திருடினது உங்க ஒரு வரி."

அந்த வரியைத் தனியாக ஒரு சின்னக் கோப்புக்கு மாற்றினாள். நேற்றுவரை எடுத்து வைத்ததெல்லாம் மறுபடி கைகொடுத்தது. நாலு நிமிஷத்தில் கம்பைல் முடிந்தது.

மேனேஜர் சிரித்து மழுப்பினார். பிரச்சினை தீர்ந்துவிட்டதாம், எல்லோரும் போய் வேலையைப் பார்க்கலாமாம். சின்னவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"பழியை எல்லாருக்கும் அனுப்பினீங்க சார். மன்னிப்பையும் எல்லாருக்கும் அனுப்புங்க."

எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள். 11.20க்கு அவர் மெயிலைத் தட்டி முடிக்கும்வரை ஒருவரும் அறையை விட்டு நகரவில்லை.