இன்னொரு தடவை அழுத்திப் பார்

இந்தோனேசியாவில், ஸெமாராங்கின் வடக்குக் கரையில் வீடு வாங்கியவனுக்குக் கடல்தான் சம்பந்தி. நினைத்தபோது வாசலுக்கு வந்து நிற்கும். அன்று மத்தியானமும் வந்திருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் நண்பன் தனாங் வீட்டுக்குப் போனேன். கடலுக்குப் பயந்து தரையை உயர்த்தி உயர்த்தி அந்த வீட்டு வாசல் குட்டையாகிவிட்டது. குனியாமல் யாரும் உள்ளே போக முடியாது.

குனிந்ததும் கிராம்பு சிகரெட் வாசனை மூக்கில் ஏறியது.

தனாங் புகை பிடிக்கிறவனில்லை.

"யாருடா வந்துட்டுப் போனது?" என்றேன்.

"யாரும் வரல. கதவைச் சாத்து, க்ரிஸ்னோ." அவன் முகத்தில் ரத்தமே இல்லை. மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது.

எங்கள் கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்து கிடையாது, மைதானம் கிடையாது. தீவுக்குத் தீவு ஆட்கள் இணையத்தில் கற்பனைக் கால்பந்து அணி வைத்திருக்கிறோம். அணியில் தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் என்று நிஜ ஆட்களின் பெயரைத்தான் போடுவோம். அதில்தான் ருசி. ஆட்ட நாளில் மென்பொருளின் பொத்தானை அழுத்தினால் யார் கோல் போட்டான், யாருக்குக் கால் போனது, எல்லாம் வந்து விழும். ஒரே தடவைதான் அழுத்த வேண்டும். விழுந்தது விழுந்ததுதான்.

அந்த மென்பொருளை எழுதியவன் சுப்ரி. சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தபோது பொறுப்பைத் தனாங்கிடம் கொடுத்தான். போன வருட இறுதிப் போட்டி இவர்கள் இருவரின் அணிகளுக்கும் நடுவே. தனாங் அழுத்தியதும் சுப்ரி ஜெயித்தான். தனாங் மறுபடி அழுத்தினான். தான் ஜெயிக்கும்வரை அழுத்திவிட்டு, கடைசி முடிவை மட்டும் ஊருக்கு அறிவித்தான்.

ஒவ்வொரு அழுத்தலும் சுப்ரியின் செல்போனுக்கும் போகும் என்பது இந்த மடையனுக்குத் தெரியாது. சாகக் கிடந்தவன் கோப்பை கைக்கு வந்ததையும் பிடுங்கப்பட்டதையும் படுக்கையிலிருந்தே பார்த்திருக்கிறான். பாவி, அந்த ஒரு சந்தோஷத்தையாவது அவனுக்கு விட்டிருக்கலாம். சுப்ரி ஒரே ஒரு செய்தி அனுப்பினான்: 'இன்னொரு தடவை அழுத்திப் பார்.' மறுநாள் போய்விட்டான். கிராம்பு சிகரெட் அவன் பிடிப்பது. ஆஸ்பத்திரியிலும் ஒளித்துப் பிடித்தான்.

"இன்னிக்குப் புதுப் போட்டி. ஒரு தடவைதான் அழுத்தினேன், சத்தியமா," என்றான் தனாங். "பாரு."

திரையில் அவன் அணி தோற்றிருந்தது. எதிரணி அம்போன் தீவிலிருந்து ஒரு பெண் நடத்துவது. ஆனால் கோல் போட்டவர் பெயர் சுப்ரி. அதற்குக் கீழே: 'காயம் — ரகில், கால் முறிவு.'

ரகில் தனாங்கின் ஒரே தம்பி.

"அடுத்த நிமிஷமே அம்மா போன் பண்ணாங்க. பைக்ல வழுக்கி விழுந்துட்டானாம். காலு."

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் தாராளமாக உண்டு. "எழுந்திரு, வெளியே போயிடலாம்," என்றேன்.

"மறுபடி அழுத்தி இதை அழிச்சுட்டு வரேன்."

"டேய், அழுத்தாதே! சுப்ரி கேட்டதே அதைத்தான்!"

அழுத்திவிட்டான்.

மின்விசிறி மட்டும் நின்றது. தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே நழுவி வந்தது. வாசனை இப்போது எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது.

'ரகில், தலைக்குள் ரத்தக் கசிவு. ஆட்டம் முடியுமுன் மரணம்.'

மூலையில் ஆட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

செல்போன் அலறியது. அவன் அம்மா. "தனாங், திடீர்னு நினைவு தப்பிடுச்சுடா... உள்ளே தூக்கிட்டுப் போயிட்டாங்க... நீ வாடா..."

நான் மேசைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். யாரைப் பார்த்து என்று கேட்காதீர்கள். "சுப்ரி, நீதான் ஜெயிச்சே. எல்லார்கிட்டயும் சொல்லிடறோம். அந்தப் பையன் என்ன பண்ணான்? விட்டுடுப்பா."

கடிகாரம் நிற்கவில்லை.

"இப்படியே விட்டா இதுதான் நிக்கும்," என்றான் தனாங். அவன் குரலில் அழுகைகூட இல்லை. "விழுந்தது விழுந்ததுதான்னு சொன்னதே நாமதானே."

அணிப் பட்டியலைத் திறந்தான். தம்பியின் பெயரை அழித்தான். அங்கே தன் பெயரை அடித்தான்.

"பைத்தியமாடா உனக்கு?"

"அவனுக்கு வேண்டியது நான்தானே, க்ரிஸ்னோ."

காதருகே யாரோ புகையை மெல்ல ஊதினார்கள்.

நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். அவன் முந்திக்கொண்டு அழுத்திவிட்டான்.

'தனாங் வெளியே.'

கடல் வந்தால், தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் மின்பலகையை மேசைமேல் தூக்கி வைப்பது எங்கள் தெருவில் எல்லாரும் செய்வது. அவனும் வைத்திருந்தான். யாரும் தொடாமல் அந்தப் பலகை மேசை விளிம்புக்கு நகர்ந்தது. நகர்ந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். கத்திக்கொண்டே நாற்காலிமேல் ஏறினேன். பலகை விழுந்தபோது அவன் கால் தண்ணீரில் இருந்தது.

நாற்காலியிலிருந்தே எட்டி மெயின் சுவிட்சை இறக்கினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவன் செல்போன் விடாமல் அடித்தது. எடுத்தேன்.

"தனாங்! ரகில் கண்ணைத் திறந்துட்டான்டா! அண்ணன் எங்கேன்னு கேக்கறான்..."

அந்தத் தாய்க்கு என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

அடக்கம் முடிந்ததும் மடிக்கணினியைச் சுக்குநூறாக உடைத்துக் கடலில் போட்டேன். போட்டியையும் கலைத்துவிட்டோம். ரகில் கோலூன்றி நடக்கிறான். தீர்ந்தது என்றுதான் இருந்தேன்.

இன்று காலை, நல்ல வெயிலில், சமையலறையில் கிராம்பு வாசனை. என் வீட்டில் கிராம்பு வாங்குவதில்லை. செல்போன் ஒருமுறை அதிர்ந்தது.

'தனாங் வெளியே. மாற்று ஆட்டக்காரர்: க்ரிஸ்னோ உள்ளே.'

தனாங் என் பெயரையும் அணியில் போட்டு வைத்திருந்தான். எனக்குச் சொல்லவே இல்லை.

கீழே அந்தப் பொத்தான். செல்போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பொத்தான் தானாகவே அமுங்கியது.